கடவுளுக்கு விலாசம் சொன்னவள்

தொலைக்காட்சி நிலையத்தில் அவனுக்குச் சிரிப்புக்காரன் என்று பெயர். அவன் யாரையும் சிரிக்க வைத்ததற்காக வந்த பெயர் அல்ல. அவன் ஒரு துணுக்குச் சொல்லி எதிரில் இருப்பவர் சிரித்ததாகச் சரித்திரமே கிடையாது. படப்பிடிப்பு அரங்கில் வந்து உட்காரும் பார்வையாளர்களின் சிரிப்பைப் பதிவு செய்து, நடுவில் விழும் இருமலையும் தும்மலையும் பேச்சையும் வெட்டி எறிந்து, சிரிப்பு போதாத இடத்தில் பழைய சிரிப்பை எடுத்து ஒட்டுவது அவன் வேலை. அவன் கணினியில் பதினொரு வருடத்துச் சிரிப்பு கிடந்தது. குபீர்ச் சிரிப்பு, அடக்கி அடக்கி வெடித்தது, ஒரு ஆள் தொடங்கி அரங்கமே சேர்ந்துகொண்டது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர். எந்த வசனத்துக்குப் பிறகு எவ்வளவு விட்டு எந்தச் சிரிப்பு விழவேண்டும் என்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஊராரின் சிரிப்பை இப்படி அளந்து போடத் தெரிந்தவனுக்கு, சொந்த வாயை எங்கே மூடவேண்டும் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

அவனுக்கு ஒரே அக்கா. பத்து வயது மூத்தவள். அம்மா கண்ணை மூடியபோது அவளுக்குப் பதினாலு, அவனுக்கு நாலு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனைத் தூக்கி வளர்த்தவள், தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளாமலே நாற்பத்தெட்டைத் தொட்டுவிட்டாள். ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுப்படி ஜன்னல் விளிம்பில் வைத்து, கண்ணை மூடி வேண்டிக்கொள்வாள். வாய்விட்டுத்தான் வேண்டுவாள். அதில்தான் விஷயமே இருக்கிறது.

"கேட்டுக்கோ. எங்க மேற்பார்வைக்காரம்மா மக பரீட்சை எழுதுறா. ரொட்டிக் கடைக்கு எதிர்ச் சந்து, மூணாவது மாடி, பச்சைக் கதவு. அங்க ரெண்டு பச்சைக் கதவு இருக்கும். மணி அடிக்காதது எதுவோ அதுதான் அவங்க வீடு, தட்டித்தான் பாக்கணும். லிஃப்டை நம்பாதே, படியில போயிடு."

தினமும் இப்படி ஏழெட்டுப் பேருக்கு வழி சொல்வாள். சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்வாள், கொஞ்சம் கடுகடுப்பாக. கடைசியில் அவன் முறை வரும்: "எங்க தம்பி. நிலையத்துல ரெண்டாவது கட்டடம், கண்ணாடி அறை. காதுல மாட்டிக்கிட்டு இருப்பான், கூப்பிட்டா கேக்காது. தோளைத் தொடணும்."

இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரே ஒரு முறை, அவன் பன்னிரண்டு வயதில் இதைக் கேட்டுக் கெக்கலி கொட்டியபோது, அவள் சொன்னாள். அம்மா காய்ச்சலில் கிடந்த அதே நாட்களில் பக்கத்து வீட்டு அம்மாவும் அதே காய்ச்சலில் கிடந்தாளாம். பன்னிரண்டு நாள் விடாமல் வேண்டினாளாம் அக்கா. பதின்மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா எழுந்து கஞ்சி குடித்தாள். அவர்கள் அம்மா எழவே இல்லை.

"வந்திருக்குடா அது. கதவு மாறிப் போயிடுச்சு. தப்பு என் மேலதான். அம்மாவைக் காப்பாத்துன்னு மட்டும்தான் சொன்னேன், எந்த வீடுன்னு சொல்லலை."

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. ஆனால் வளர்ந்த பிறகு, உணவுக்கூடத்தில் நாலு பேர் கூடிப் பேசும்போது, எல்லாரும் அவரவர் வீட்டுக் கூத்தைச் சொல்லிச் சிரிக்கும்போது, தன் பங்குக்குச் சொல்ல அவனிடம் வேறென்ன இருந்தது? பச்சைக் கதவைச் சொன்னான். லிஃப்டைச் சொன்னான். வாழ்க்கையில் முதன்முறையாக அவன் சொன்னதற்கு ஒரு மேசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பு நின்றுவிடும் என்று அவனுடைய தொழில் புத்தி சொல்லியிருக்கிறது, பாவி.

அந்த மேசையில் பேனாவும் இருந்தான். நிலையத்தின் வாராந்தர நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நாடகம் எழுதுகிறவனுக்கு அதுதான் பட்டப்பெயர். அப்போது அவன் மதத்தைப் பற்றி ஒரு வார நிகழ்ச்சி எழுதிக்கொண்டிருந்தான். மூன்று துண்டு நாடகங்கள் திட்டம். ஒன்று, காரை விட்டு இறங்காமலே ஆசி வழங்கும் ஒரு குருவைப் பற்றியது. இன்னொன்று, ஒரு வழிபாட்டிடத்தின் நிர்வாகிகள் நாற்காலிக்கு அடித்துக்கொள்வது. மூன்றாவது கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவனுக்குப் பச்சைக் கதவு கிடைத்தது.

ஆய்வுக் கூட்டத்தில் நிகழ்ச்சியின் மேலாளர் அம்மா, மதத்தைக் கிண்டல் செய்யத்தான் வேண்டுமா என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கக்கூடாத இடம் என்று ஒன்றை ஒதுக்கிவைத்தால் தப்பெல்லாம் அங்கேதான் போய் ஒளிந்துகொள்ளும் என்றான் பேனா. சிரிப்புக்காரனுக்கு அது சரியென்று பட்டது. இன்றைக்கும் அவனுக்கு அது சரியென்றுதான் படுகிறது. அதில் ஒன்றும் மாற்றமில்லை. ஆனால் நிலையத்தின் வக்கீல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்ததும் கதை வேறாகிவிட்டது. குருவைத் தொட்டால் அவர் ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்று முதல் நாடகத்தை அடித்தார். நிர்வாகிகள் வழக்குப் போடுவார்கள் என்று இரண்டாவதையும் அடித்தார். மூன்றாவதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தப் பொம்பளைக்குப் பின்னால யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லை சார். வீட்டுல வேண்டிக்கிற ஒரு சாதாரண பொம்பளை" என்றான் பேனா.

"அப்ப இது போகலாம்."

மேலாளர் அம்மா சிரிப்புக்காரன் பக்கம் திரும்பினார். "உங்க அக்கா விஷயம்தான் இதுன்னு சொன்னாங்க. அவங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இருக்காதே?"

அவன் பிரதியைப் படித்திருந்தான். முதுகில் பை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மூச்சு வாங்கப் படியேறி, விலாசம் தேடி அலைகிற கடவுள். கடைசியில் தப்பான கதவைத் தட்டி உள்ளே போய்விடுகிறார். அங்கே படுத்திருக்கும் வேறொரு நோயாளியிடம், "அட, நீங்க இல்லையா அது? பரவாயில்லை, வந்தது வந்துட்டேன், நீங்களே எழுந்துக்கங்க" என்கிறார். பேனாவுக்கு அந்தப் பழைய காரணம் தெரியாது. தானாக யோசித்துப் போட்ட வரி அது. சிரிப்புக்காரனுக்குத்தான் தெரியும். அந்த வரி மட்டும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் என்று கேட்பார்களே? அம்மாவின் காய்ச்சலை அந்தக் கூட்டத்தில் எப்படி எடுத்துவைப்பது? மென்று விழுங்கிவிட்டான்.

"சிரிப்பாங்க" என்றான்.

போதாக்குறைக்கு அந்த வாரப் படப்பிடிப்புக்கு அக்காவுக்கு ஏற்கெனவே இருக்கை வாங்கிக் கொடுத்திருந்தான். அரங்கத்தைப் பார்க்கவேண்டும் என்று அவள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கும் காரணம் சொல்லவேண்டியிருக்கும். பார்த்தால் அவளே சிரித்துவிடுவாள், அத்தோடு முடிந்தது என்று மனதுக்குள் பூசி மெழுகிக்கொண்டான்.

மடிப்புக் கலையாத உடையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள் அக்கா. கண்ணாடி அறையிலிருந்து அவள் முகம் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் மறைத்தது. நாடகம் பிய்த்துக்கொண்டு போனது. வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா இருந்துச்சுடா. கடவுளா நடிச்சவருக்கு நிஜமாவே மூச்சு வாங்குச்சு, பாவம்." அவனுக்கு உயிர் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தான்.

மறுநாள் வேலையில் உட்கார்ந்தான். பார்வையாளர் தலைக்கு மேலே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஒலிவாங்கி தொங்கும். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தான். மூன்றாவது வரிசை. பச்சைக் கதவு வந்தது, சுற்றிலும் சிரிப்பு. லிஃப்ட் வந்தது, இன்னும் பெரிய சிரிப்பு. அதில் அக்காவின் சிரிப்பு இல்லை. ஆயிரம் பேர் சிரிப்பில் கலந்திருந்தாலும் அவனுக்கு அது தெரியும். கடைசி வரி வந்தது. அரங்கம் அதிர்ந்தது. அந்த அதிர்வுக்கு அடியில் பக்கத்து இருக்கைப் பெண் ஒருத்தி, "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்பது கேட்டது.

பிறகு அக்காவின் குரல். "ஒண்ணுமில்லைங்க. இது எங்க தம்பி வேலை பாக்குற நிகழ்ச்சி. சிரிங்க, நல்லா சிரிங்க."

அதற்குப் பிறகு அவள் சிரித்தாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தனியாக, கொஞ்சம் சத்தமாக.

அவன் காதிலிருந்து கருவியைக் கழற்றி வைத்தான். ஒளிபரப்புக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. இதை எடுத்துவிடுங்கள், இது என் அக்காவின் துக்கம் என்று மேலாளர் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். எழுந்து அவர் அறை வாசல்வரை போகவும் போனான். உள்ளே பேனா உட்கார்ந்திருந்தான். இந்த வருடத்தில் இதுதான் நம் சிறந்த நாடகம் என்று அவர் அவனைப் பாராட்டிக்கொண்டிருந்தார். சிரிப்புக்காரன் அப்படியே திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். பார்வையாளர் பேச்சு தெளிவாகக் கேட்டால் அதை வெட்டவேண்டும் என்பது விதி. அக்காவின் குரலை வெட்டினான். ஓட்டை தெரியாமலிருக்க, சேமிப்பிலிருந்து நல்ல கனமான குபீர்ச் சிரிப்பாகப் பார்த்து அந்த இடத்தில் ஒட்டினான். பச்சைக் கதவுக்கு ஒன்று, லிஃப்டுக்கு ஒன்று. வேலை கச்சிதமாக இருந்தது.

நிகழ்ச்சி சக்கைப்போடு போட்டது. வழி தெரியாமல் நிற்கிறவனைப் பார்த்து "பச்சைக் கதவா?" என்று தெருவில் கேலி பேசினார்கள். ஒரு புகார்க் கடிதம்கூட வரவில்லை. யார் மனமும் புண்படாமல் மதத்தைக் கிண்டல் செய்ய முடியும் என்று நாம் காட்டிவிட்டோம் என்று மேலாளர் அம்மா கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாடு வைத்தாள், பொத்தான் தைத்துக் கொடுத்தாள், எப்போதும்போல் பேசினாள். ஆனால் சாயங்காலம் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாரையும் பாத்துக்கோ" என்பாள். அவ்வளவுதான். கழற்றிய சூடு ஆறுவதற்குள் கடிகாரம் திரும்பக் கைக்குப் போய்விடும். மாடி இல்லை, சந்து இல்லை, கண்ணாடி அறை இல்லை. தோளைத் தொடச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அடுத்த அறையில் உட்கார்ந்து தினமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். இப்படி இரண்டு வருடம் போயிற்று.

பிறகு அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அறையில் இரண்டு கட்டில். சுவரோரக் கட்டிலில் கிட்டத்தட்ட அக்கா வயதில் இன்னொரு பெண். அவளுக்கும் அதே கட்டி, அதே நாள் காலையில் அறுவை. அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பயம் என்னவென்று அவனுக்குச் சொல்லாமலே புரிந்தது. தள்ளுவண்டி வந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எனக்குன்னு ஒரு நாளும் வழி சொன்னதில்லைடா. எனக்கு இப்ப சொல்லவும் வரமாட்டேங்குது, வெக்கமா இருக்கு. நீ ஒரு தடவை சொல்லேன். ரெண்டு கட்டில் இருக்கில்ல, ஜன்னல் பக்கத்துக் கட்டில்னு சொல்லு. அந்தம்மாவுக்கும் சேத்துச் சொல்லு, அவங்க சுவத்துப் பக்கம்."

"சொல்றேன்க்கா" என்றான்.

உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தான். நடைபாதைக் கோடியில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றான். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான், கண்ணை மூடினான். "ரெண்டாவது மாடி" என்று ஆரம்பித்தான். "லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம்" என்றான். அந்த இடத்தில் சிரிப்பு விழுந்தது. அவன் கையால் ஒட்டிய அதே சிரிப்பு, அவன் அளந்து வைத்த அதே இடைவெளியில். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். கதவு என்ற சொல்லைச் சொன்னதும் குபீரென்று மறுபடி. மூன்றாவது முறை வாய் திறக்கவே பயமாக இருந்தது. அக்கா கத்திக்கடியில் கிடக்கிறாள், அவளுக்காக நாலு வார்த்தை சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். ஜன்னல் பக்கம் என்கிற சொல்வரைக்கும் அவன் போகவே இல்லை.

இரண்டு பெண்களும் பிழைத்தார்கள். மயக்கம் தெளிந்து அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"சொன்னியாடா?"

"சொன்னேன்."

"ஜன்னல் பக்கம்னு?"

"சொன்னேன்க்கா."

"அதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு வராதது பிறகும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போனாள். கடிகாரம் ஜன்னல் விளிம்பில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவன் அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கேட்டுக்கோ. மேற்பார்வைக்காரம்மா மகளுக்குக் குழந்தை பொறக்கப் போகுது. இப்ப வீடு மாறிட்டாங்க. பழைய சந்துக்குப் போய் நிக்காதே, நான் சொல்றேன்…" ஒவ்வொரு வீடாக வந்தது. சந்து வந்தது, படி வந்தது, சுவத்துப் பக்கத்துக் கட்டில்காரம்மாவின் வீடு புதிதாக வந்தது. கடைசியில் அவன் முறை.

"எங்க தம்பி. கண்ணாடி அறைதான், உனக்குத் தெரியும். அன்னைக்கு அவன் வழி சொன்னப்ப கேட்டுக்கிட்டு நேரா என்கிட்ட வந்தே பாரு, அதுக்கு நன்றி. அவன் கூப்பிட்டா இனிமேலும் வா."

இரண்டு வருடமாக எதற்காகக் காத்திருந்தானோ அது திரும்பக் கிடைத்துவிட்டது. அவன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.