நான்கு கைகளும் முழங்காலில்

என் மாமனார் பறக்கும் கிளப்பின் தலைவர். கிளப் என்றால் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, ஒரு புல் ஓடுதளம், சில பிளாஸ்டிக் நாற்காலிகள், உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு குட்டி விமானம். விமானம் ஒன்றுதான் என்றாலும் தோளில் தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை ஆளுக்கொன்று உண்டு. பட்டை கூடுவது பறந்த அனுபவத்தால் அல்ல, சந்தா கட்டிய வருஷங்களால். மாமாவுக்கு நான்கு பட்டை. இஸ்திரி போடுகிறவர் அவரைப் பெரிய விமானக் கம்பெனியின் கேப்டன் என்று நினைத்து மகனுக்கு வேலை கேட்டார். தான் பெயிண்ட் கடைக்காரர் என்று மாமா சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார்.

அந்த விமானத்தில் முன்னால் இரண்டு சீட், இரண்டுக்கும் தனித்தனி ஸ்டியரிங். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். அதனால் யார் ஓட்டுகிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். "கன்ட்ரோல் உங்களுது" என்பார் ஒருவர். "கன்ட்ரோல் என்னுது" என்று மற்றவர் வாங்கிக்கொள்வார். "உங்களுது" என்று முதலாமவர் இன்னொரு தடவை உறுதி செய்வார்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை.

"என் வீட்ல சாப்பிட உக்காந்தா, இது என் தட்டுன்னு சத்தம் போட்டுச் சொல்லிட்டுத்தானா சாப்பிடறேன்? தலைவர் ஏறி உக்காந்தா தலைவர்தான் ஓட்டுறார். இதுல ஏலம் என்ன வேண்டிக்கிடக்கு?"

தலைவருடன் பறக்கும்போது அந்த வாசகங்கள் தேவையில்லை என்று கமிட்டி தீர்மானம் போட்டது. முதலில் கை தட்டியவர் செயலாளரான பல் டாக்டர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, மாமாவின் வலது கை நடுங்க ஆரம்பிக்கும் வரை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். கேட்டால் சூடு என்றார். என் மனைவி விடவில்லை.

"அப்பா, சாவியைக் கொடுத்துடுங்க. இனிமே பறக்க வேண்டாம்."

"கையில நடுக்கம்னா நீ சொல்றது சரி. இது குளிரு."

"கொளுத்துற வெயில்லயா?"

அத்தைதான் வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் முன்னிலையில் மாமா ஒரு வட்டம் அடித்து இறக்க வேண்டும். நன்றாக இறக்கினால் யாரும் வாய் திறக்கக் கூடாது. இல்லாவிட்டால் விமானச் சாவி மகள் கைக்கு வர வேண்டும். பக்கத்தில் பல் டாக்டர். பின் சீட்டில் சாட்சியாக நான்.

"நான் எதுக்கு?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்கதான் பொய் சொன்னா உடனே தெரிஞ்சுடும்" என்றாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஏறினேன்.

அன்று காற்று துளியும் இல்லை. மேலே போனதும் சுற்றியதும் சுகம். பிறகு ஓடுதளத்துக்கு நேராக மூக்கைத் திருப்பினார் மாமா, எஞ்சினைத் தணித்தார், சீட்டுக்கு நடுவே இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி ஏதோ சரிசெய்தார். வீடுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பல் டாக்டர் முன்னால் சாய்ந்து, இறக்கையின் பின் மடிப்பை இறக்கிவிடும் விசையைத் தட்டினார். தட்டிவிட்டு மரியாதையாகச் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அதே நேரத்தில் மாமாவின் கைகளும் மெதுவாக முழங்காலுக்கு வந்தன.

நான்கு கைகளும் முழங்காலில். ஸ்டியரிங்குகள் இரண்டும் காலியாக லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஓடுதளம் எங்களை நோக்கி ஏறி வந்தது. எனக்குப் பயம் வரவில்லை. பெரிய வித்துவான்கள் இப்படித்தான் இறக்குவார்கள் போல என்று மெய்மறந்து பார்த்தேன்.

சக்கரம் புல்லைத் தொட்டதே தெரியவில்லை. ஒரு உரசல் சத்தம், அவ்வளவுதான். ஏற்றமான ஓடுதளத்தில் விமானம் தானாக வேகம் குறைந்து மூச்சு விட்டது. அதன் பிறகுதான் பல் டாக்டர் அதைக் கொட்டகைப் பக்கம் திருப்பினார்.

கிளப்பே எழுந்து நின்றது. நல்ல இறக்கத்துக்கு அடிக்கிற பித்தளை மணியை ஆளாளுக்கு அடித்தார்கள். மாமா கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டு பேச்சைத் தொடங்கினார்.

"இறக்குறது கையில இல்லை. மனசுல இருக்கு. பூவைத் தட்டுல வைக்கிற மாதிரி வைக்கணும். இளைஞர்கள் பார்த்துக் கத்துக்கணும்." அங்கே இருந்ததில் மிக இளையவருக்கே முடி நரைத்திருந்தது.

என் மனைவியின் முகம் இறங்கிவிட்டது. "சரிப்பா. நான் வாயை மூடிக்கறேன்" என்றாள்.

மாமா கூட்டத்திலிருந்து நழுவி, பல் டாக்டரை நான் நின்ற மூலைக்கே தள்ளிக்கொண்டு வந்தார். நான் குடும்பம்தானே என்ற நம்பிக்கை.

"டாக்டர், இந்த உதவியை மறக்க மாட்டேன்" என்றார் ரகசியமாக.

"எந்த உதவி, தலைவரே?"

"கடைசியில கை ஒத்துழைக்கலை. நீங்க சாஞ்சு கன்ட்ரோலை வாங்கிக்கிட்டீங்களே. நானும் விட்டுட்டேன். என்ன ஒரு இறக்கம்."

டாக்டரின் வாயில் இருந்த பிஸ்கட் அப்படியே நின்றது.

"நான் எங்க வாங்கினேன்? விசையைத் தட்டினேன், அவ்வளவுதான். நீங்க இறக்குறதைப் பார்த்தா மரியாதையா இருக்காதுன்னு வெளியே பார்த்துக்கிட்டு வந்தேன்."

"விளையாடாதீங்க."

"உங்க தோள்பட்டை மேல சத்தியமா நான் தொடலை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொன்னால் தெரிந்துவிடும் முகம் என்னுடையது.

"ரெண்டு பேருமே கையே வைக்கலையே, மாமா" என்றேன். "அதான் ஆச்சரியமா பார்த்துக்கிட்டு வந்தேன்."

மாமா பக்கத்து நாற்காலியைத் தேடினார், நாற்காலி இல்லாத இடத்தில். நான் பிடித்துக்கொண்டேன். பல் டாக்டர் பிஸ்கட்டை விழுங்க மறந்து ஓடுதளத்தையே பார்த்தார். எனக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. ஏறி வந்த தரை, காலியாக ஆடிய ஸ்டியரிங்குகள், மெய்மறந்து சிரித்துக்கொண்டிருந்த நான். அந்தப் பக்கம் இன்னும் யாரோ மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருதான் இறக்கினது?" என்றார் மாமா. அவர் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

வெளியே விமானம் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது.

மாமா நேராக மகளிடம் போனார். பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கை நடுங்கியதை இம்முறை மறைக்கவில்லை.

"அப்பா? நீங்கதான் நல்லா இறக்கிட்டீங்களே."

"நான் இறக்கலைம்மா."

"அப்ப டாக்டரா?"

"அவரும் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். சாவி அவள் கையிலிருந்து விழுந்தது. பல் டாக்டர் குனிந்து அதை எடுத்து, தன் சாவியையும் சேர்த்து அவளிடமே கொடுத்துவிட்டு, பட்டைகளைத் தோளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மாமா வழக்கப்படி காரின் ஓட்டுநர் சீட்டில் ஏறிவிட்டார். ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கி வந்து என் எதிரே நின்றார்.

"மாப்பிள்ளை, கன்ட்ரோல் உங்களுது."

"கன்ட்ரோல் என்னுது, மாமா."

"உங்களுது" என்றார் இன்னொரு முறை, சத்தமாக, கொட்டகைக்கே கேட்கிற மாதிரி.

பின் சீட்டில் அத்தையும் மனைவியும் வீடு வரும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.