எதிர்ச்சுழி

சின்னவளுக்கு அந்த வேலை கிடைக்கச் சிபாரிசு செய்ததே பெரியவள்தான்.

அந்த வீட்டில் மருமகள்கள் இரண்டு பேரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த மகனின் மனைவி பெரியவ, இளைய மகனின் மனைவி சின்னவ, அவ்வளவுதான். பெரியவள் ஒரு நீரியல் ஆய்வகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறாள். சின்னவள் கல்யாணமாகி வந்தபோது, தண்ணீர் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுப் பொண்ணு மேடம், ரொம்பக் கெட்டிக்காரி" என்று ஆய்வகத் தலைவியிடம் போய்ச் சொன்னது பெரியவள். சொன்னபோது மனசாரத்தான் சொன்னாள்.

ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சுழல்மேடை உண்டு. அதன்மேல் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, தொட்டி நிறையத் தண்ணீர். மேடை மெதுவாகச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் அதோடு சேர்ந்து சுற்றப் பழகிவிடும். அப்புறம் தண்ணீருக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு உருளையை மோட்டார் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். உருளையின் முதுகுக்குப் பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறிச் சுழிகள் கழன்று விழும். ஒரு பக்கத்துச் சுழிகள் மேடை சுற்றும் திசையிலேயே சுற்றும். மறுபக்கத்துச் சுழிகள் எதிர்த்திசையில் சுற்றும். சுற்றுகிற பூமியில், தீவுகளை ஒட்டி ஓடும் கடல் நீரோட்டத்துக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு அறைக்குள் நின்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது.

பெரியவளுக்கு அந்தத் தொட்டி அத்துப்படி. எந்த போல்ட் தளர்ந்தால் என்ன சத்தம் வரும் என்பதுகூடத் தெரியும். ஒரு பக்கத்துச் சுழிக்குச் சிவப்புச் சாயம், எதிர்ச்சுழிக்கு நீலச் சாயம் விடுவாள். மேலே சட்டத்தில் கேமரா குனிந்து பார்த்துக்கொண்டே கூடச் சுற்றும். மேடை மெதுவாகச் சுற்றும் நாட்களில் நீலம் மட்டும் சீக்கிரம் கலங்கி மங்கிவிடும். நீலச் சாயம் மட்டமான சரக்கு, அதனால்தான் மங்குகிறது என்று அவள் ஆரம்பத்திலேயே கட்டுரையில் எழுதிவிட்டாள். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

சின்னவள் வந்தாள். வந்து கொஞ்ச நாளிலேயே அவளுடைய கணக்கு வேறு கதை சொன்னது. எதிர்ச்சுழிகள் மங்கவில்லை, உடைகின்றன என்றது.

"அக்கா, சிவப்பையும் நீலத்தையும் இடம் மாத்தி விட்டுப் பார்த்தீங்களா?" என்று ஒரு நாள் கேண்டீனில் கேட்டாள். வெகுளியாகத்தான் கேட்டாள். இத்தனை வருடத்தில் பெரியவள் அதைச் செய்து பார்த்ததே இல்லை.

"அதெல்லாம் அப்பவே பார்த்தாச்சு" என்றாள்.

அடுத்த வாரம் ஆய்வகத்தின் மாடி வராந்தாவில் பெரியவள் எடுத்த படம் இருந்த இடத்தில் சின்னவளின் படம் மாட்டப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் போட்ட படம், மயில் கழுத்து மாதிரி மினுமினுத்தது. வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவளின் படத்தைக் கழற்றி ஸெராக்ஸ் மெஷின் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார்கள்.

வீட்டில் அதைவிட மோசம். மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சின்னவளிடம், "அப்படி என்னம்மா கண்டுபிடிச்சே, எனக்கும் புரியிற மாதிரி சொல்லேன்" என்றார். சின்னவள் டம்ளர் தண்ணீரில் ஸ்பூனை விட்டுச் சுற்றினாள்.

"மாமா, நீங்க வளைவுல பஸ்ஸைத் திருப்பினா நிக்கிறவங்க எல்லாம் வெளிப்பக்கமா சாய்வாங்கல்ல? உள்பக்கம் நிக்கிறவங்க ரொம்ப வேகமா சாஞ்சா, வெளிப்பக்கம் நிக்கிறவங்களால தாங்க முடியுமா?"

"எப்படித் தாங்கும்? இடிச்சுத் தள்ளிட்டு வந்துடுவாங்க."

"சுழியும் அப்படித்தான் மாமா உடையுது."

மாமனார் தொடையில் தட்டிச் சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் பெரியவளிடம், "என்னம்மா, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?" என்பதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டதில்லை. போதாக்குறைக்கு அவள் கணவன், "நீயும் இப்படி எடுத்துச் சொல்லியிருக்கலாம்ல" என்றான். மறுநாள் அவன் காபியில் சர்க்கரை இல்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் அவனுக்கும் இல்லை.

வயிற்றெரிச்சல் என்பது சும்மா ஒரு வார்த்தை என்றுதான் பெரியவள் அதுவரை நினைத்திருந்தாள். இப்போது நிஜமாகவே மேல்வயிறு காந்தியது. சின்னவளின் செருப்புச் சத்தம் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. இவளை இங்கே கொண்டு வந்து சேர்த்தது யார் என்று யோசித்தால் அதற்கும் சேர்த்து எரிந்தது.

ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்கில் பேச ஆய்வகத்திலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. மேடம் சின்னவளைத் தேர்ந்தெடுத்தார். பெரியவளைக் கூப்பிட்டு, "கணக்கு மட்டும் போதாது. தொட்டியில ஒரு தடவை காட்டிட்டா யாரும் வாயே திறக்க மாட்டாங்க. நீங்கதான் பண்ணித் தரணும்" என்றார்.

பெரியவள் ஒரு குறையும் வைக்காமல் செய்தாள். எப்போதும்போல மேலிருந்து படம் எடுத்தாள். நீலம் எப்போதும்போல மங்கியது. கூட்டத்தில் படத்தைப் போட்டுக் காட்டி, "உடையிற மாதிரி எதுவும் தெரியல மேடம்" என்றாள். அதைச் சொல்லும்போது குரலில் தேன் ஒழுகியது அவளுக்கே கேட்டது.

சின்னவள் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "உடையிறது மேலயிருந்து பார்த்தா தெரியாதுக்கா. அடுக்கடுக்கா வரும். பக்கவாட்டுல கேமரா வச்சா?"

"கேமராவை அசைச்சா எல்லா அளவையும் முதல்லேருந்து எடுக்கணும். சும்மா இல்ல."

பேச்சு அத்தோடு நின்றது.

ஆனால் பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கவாட்டிலும் ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டால் சின்னவளின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம். அந்தச் சனிக்கிழமை, விடுமுறை என்றும் பார்க்காமல் ஃபிட்டரை வரச் சொன்னாள். ஸ்பானர் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். இருவருமாகக் கேமராவை இறக்கித் தொட்டியின் பக்கவாட்டில் பொருத்தினார்கள். மெல்லிய தகடு மாதிரி ஒரு வெளிச்சத்தைத் தண்ணீருக்குள் செங்குத்தாகப் பாய்ச்சினார்கள். சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி விட்டாள்.

உருளை நகர்ந்தது. எதிர்ச்சுழியில் இப்போது சிவப்பு. முதலில் நேரான ஒரு தூண் மாதிரி நின்றது. பிறகு தூணின் ஓரம் அலுங்கியது. அலுங்கிய இடமெல்லாம் வெளியே பிதுங்கி, காளான் குடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி அடியிலிருந்து மேல்வரை விரிந்தது. நொடியில் எல்லாம் கலைந்து சிவப்பு மங்கியது. எதிர்ப்பக்கத்தில் நீலம் துளியும் மங்காமல் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. சாயத்தில் ஒரு குற்றமும் இல்லை.

பெரியவள் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றாள். இத்தனை வருடமும் இது அவள் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அவள் மேலிருந்து பார்த்துக்கொண்டு, பாவம், சாயத்தைத் திட்டியிருக்கிறாள்.

"இது என்னங்க, அடுக்கடுக்கா வருது?" என்றார் ஸ்பானர்.

"தண்ணில காத்து கலந்துடுச்சு. கேமராவை மறுபடி மேல மாட்டிடுங்க" என்றாள். எடுத்த படத்தை யாரிடமும் காட்டவில்லை, அழிக்கவும் கை வரவில்லை.

அடுத்த வாரம் மேடம், சோதனையில் நிரூபணம் ஆகாததைக் கொண்டுபோய்ப் பேசினால் பேர் கெட்டுவிடும் என்று சின்னவளின் பயணத்தை நிறுத்தி வைத்தார். செய்தி கேட்ட அன்று பெரியவளுக்கு வயிறு காந்தவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். அந்த நிம்மதியே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிம்மதிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சின்னவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. பெரியவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றே?"

"நான்தான் எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்க்கா. தொட்டி பொய் சொல்லாதுல்ல? அதான் கணக்குல தண்ணியோட பிசுக்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கிறேன். கிட்டத்தட்ட எண்ணெய் மாதிரி ஆக்கிட்டா சுழி உடையாம நிக்குது. உங்க படத்தோட ஒத்துப்போகுது."

பெரியவளின் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. சின்னவள் எதிரே உட்கார்ந்து அழுதிருந்தால் அவள் தாங்கியிருப்பாள், சண்டை போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். ஒரு சரியான கணக்கு கண்ணெதிரே நாசமாவதை மட்டும் அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"தண்ணி எண்ணெய் இல்ல" என்றாள். "அதைத் தொடாத. பழையபடி வை."

"ஏன்?"

"நீ சொன்னதுதான் சரி. நான் பக்கவாட்டுல வச்சுப் பார்த்தேன். உடையுது. காளான் மாதிரி அடுக்கடுக்கா."

சின்னவள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "எப்போ பார்த்தீங்க?"

"மேடம் உன் பயணத்தை நிறுத்துறதுக்கு முன்னாடியே."

"பார்த்துட்டுச் சொல்லலையா?"

"இல்ல."

"ஏன்க்கா?"

"பொறாமைதான். வேற என்ன சொல்றது?"

சின்னவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கதவை ஓங்கிச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை என்று பெரியவளுக்கு இருந்தது.

மறுநாள் பெரியவள் அந்தப் படத்தை மேடத்திடம் காட்டி, எப்போது எடுத்தது என்பதையும் சொன்னாள். மேடம் திட்டவில்லை. "இதை உங்ககிட்ட எதிர்பார்க்கல" என்று மட்டும் சொன்னார். படத்தை இன்னும் துல்லியமாக எடுத்தார்கள். கட்டுரையில் சின்னவள் பெயர் முதலில், பெரியவள் பெயர் இரண்டாவது. பயணம் மறுபடி உறுதியானது. இத்தனைக்கும் நடுவில் சின்னவள் அவளோடு வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர ஒன்றும் பேசவில்லை. வீட்டிலோ உப்பை நகர்த்தச் சொல்வதற்குக்கூட மாமனார் வழியாகத்தான் செய்தி போனது. "என்னம்மா, டிரைவரா இருந்தவனுக்கு இந்த வயசுல கண்டக்டர் வேலையா?" என்றார் அவர்.

கருத்தரங்கு முடிந்து திரும்பிய மறுநாள் சின்னவள் கீழ்த்தளத்துக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் உம்மென்று இருந்தது. பெரியவள் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க. படத்துக்கு." சின்னவள் நகத்தைப் பார்த்தபடி சொன்னாள். "வந்தவங்க எல்லாம் அந்தத் தொட்டியை யார் ஓட்டினாங்க, வெளிச்சத்தை எப்படி விட்டாங்கன்னுதான் கேட்டாங்க. என் கணக்கைப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கல. எனக்கு அங்கயே பத்திக்கிட்டு வந்துச்சு."

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. அதை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை.

"சிரிக்காதீங்கக்கா. எனக்கு உங்க மேல இன்னும் கோபம் போகல."

"போகலன்னா இருக்கட்டும்."

சின்னவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். பிறகு, "உருளை கீழே சன்னமா, மேல தடிமனா இருந்தா என்ன ஆகும்னு கணக்குப் போட்டிருக்கேன். தொட்டி வேணும்" என்றாள்.

"இந்த மாசம் தொட்டி எனக்கு. நான் பார்க்க வேண்டியது நிறைய இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் பார்க்கலாம்."

பெரியவள் சுவிட்சைப் போட்டாள். மேடை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. சின்னவள் ஸ்டூலை விட்டு எழுந்து கண்ணாடியின் பக்கவாட்டில் போய்க் குனிந்துகொண்டாள். பெரியவள் ஒரு தடவை முறைத்தாள். ஆனால் போ என்று சொல்லவில்லை.