பலகையில் இருந்த கேள்வி

தம்பி பாஹிமின் மய்யித்தைக் குளிப்பாட்டும்போதும் றுவைஸின் கண் மறைப்புச் சீலையின் இடுக்கால் வெளியேதான் போனது. வாசல் படலையடியில், பாஹிமோடு வேலை செய்யும் அஸீம் நின்றான். காலையிலிருந்து நிற்கிறான், உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

துறைமுகத்தடி மாக் களஞ்சியத்தில், மூட்டை அடுக்கும் ரோபோ நேற்றுப் பாஹிமை அடித்துப்போட்டது. அதைச் சுற்றிய கம்பிவேலி, கதவு, பாதுகாப்பு எல்லாம் றுவைஸ் வரைந்து அமைத்தவை. கதவைத் திறந்தால் இயந்திரக் கை நின்றுவிடும். வெளியே இருக்கும் பச்சைப் பொத்தானை ஒருவர் அமுக்கும்வரை அசையாது. நேற்று அதை அமுக்கியவன் அஸீம். நாலு மாதம் இருந்து கணக்குப் பார்த்த வேலை. பிறகெப்படித் தம்பி செத்தான்?

வேலை சுணங்குகிறதென்று கதவு திறந்தாலும் கை நிற்காதபடி எவனோ கள்ள வயர் போட்டிருக்கிறான். றுவைஸ் அதில் உறுதியாக இருந்தான். விடிந்ததும் பொலிஸோடு போய்ப் பார்த்தான். வயர் இல்லை. கழற்றியிருப்பார்கள் என்று சந்தேகம் இன்னும் கூடியது.

கபன் துணி சுற்றி முடிந்தபோது களஞ்சிய முகாமையாளர் ஆனந்தராசா வந்தார். உம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, றுவைஸை மாமரத்தடிக்குக் கூட்டிப்போய் ஒரு தாளை நீட்டினார்.

"அஸீமின்ர கவனக்குறைவுதான் தம்பி. உங்கட சிஸ்டத்தில ஒரு பிழையும் இல்லை எண்டு எழுதியிருக்கு. கையெழுத்து வைச்சீங்களெண்டா பொலிசுக்குக் குடுத்திடலாம்."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இந்த அவசரம் றுவைஸுக்குப் பிடிக்கவில்லை. தாளை வாங்காமல் படலைக்குப் போனான்.

"கதவுக்கு வயர் போட்டது ஆரு?"

"அல்லாஹ்வுக்காக, ஒருத்தரும் போடல்ல றுவைஸ் நானா."

"அப்ப உள்ளுக்கு ஆள் நிக்கக்குள்ள எப்படி அமுக்கினாய்?"

"மூட்டை மறைச்சிருந்திச்சி. கதவும் சாத்தியிருந்திச்சி. நான் கேட்டுட்டுத்தான் அமுக்கினனான். பலகையில நீங்க எழுதின மாதிரியே கேட்டனான்."

பொத்தானுக்கு மேலே அந்தப் பலகை இருந்தது. பொத்தான்காரன் அதிலுள்ள கேள்வியைச் சத்தமாகக் கேட்க வேண்டும். மறுபக்கம் பெல்ட்டடியில் நிற்பவன் வேலிக்குள் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பெல்ட்டடி ஆள் பாஹிம்.

"என்னண்டு கேட்டாய்?"

"'உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையா' எண்டு."

"அவன்?"

"'ஓம்' எண்டான். பிறகும் என்னவோ சொன்னான், மேல சுத்துற பங்கா இரைச்சலில கேக்கல்ல. பெல்ட்டடியில நிண்டு சொல்றான் எண்டுதான் நினைச்சன் நானா, உள்ளுக்க நிண்டு சொல்றான் எண்டு தெரியல்ல."

றுவைஸ் படலையைப் பிடித்துக்கொண்டான்.

பாஹிம் எதற்கும் ஓம்தான். "இன்னும் தின்னல்லையா?" என்று உம்மா கேட்டாலும் ஓம். தின்றானா இல்லையா என்று தெரியாமல் அவள் திட்டிக்கொண்டே இன்னொருதரம் சோறு போடுவாள். ஓம், ஒருத்தரும் இல்லை. ஓம், நான் இருக்கிறேன். இரண்டுக்கும் அந்த ஒரு சொல்தான். கதவுக்கு நாலு மாதம் செலவழித்தவன் அந்தக் கேள்வியை இரண்டு நிமிடத்தில் எழுதினான். "ஆள் இருக்கா" என்று எழுதியிருந்தால் தம்பி இப்போது குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான்.

ஆனந்தராசா பேனையோடு பின்னால் வந்து நின்றார்.

"இதில நான் கையெழுத்து வைக்க ஏலாது சேர்," என்றான் றுவைஸ். "இவன் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கான். கேள்வி பிழை. அத எழுதினது நான். பொலிஸில நானே சொல்றன்."

"யோசிச்சுக் கதையுங்கோ. உங்கட தொழில் போயிடும்."

"ஓம்."

முற்றத்தில் மய்யித்து வைத்த சந்தூக்கைத் தூக்க ஆட்கள் கூடினார்கள். உம்மாவின் அழுகை உள்ளிருந்து உயர்ந்தது. றுவைஸ் முன்பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தான்.

"அஸீம், இஞ்சால வா. என்னோட முன்னுக்குப் பிடி."

யாரோ முணுமுணுத்தார்கள். அஸீம் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான். அவன் ஆள் கட்டை, தூக்கியதும் சந்தூக் அவன் பக்கம் சரிந்தது. றுவைஸ் முழங்காலைச் சற்று மடித்து, தன் தோளை அவன் தோளளவுக்கு இறக்கினான். மையவாடி வரைக்கும் அப்படியே நடந்தான்.