தொண்ணூற்றோராவது நிமிடத்தில் ஒரு காலடிச் சத்தம்

டிஸ்க் வந்த பெட்டி ஓரத்தில் நசுங்கியிருந்தது என்பதற்காக இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். இன்னும் பிரித்தே பார்க்கவில்லை, ஆனால் சொன்ன தேதியில் வந்துவிட்டது என்று ஐந்து நட்சத்திரத்தை அள்ளிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அட்டையில் சிவப்பாக இருக்கிற அங்கி படத்தில் பழுப்பாக இருக்கிறது, இது பச்சை மோசடி என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார் ஒருவர். இவர்கள் எழுதுவதையெல்லாம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை உட்கார்ந்து படிப்பதுதான் என் வேலை.

ஸ்டூடியோவின் பின்கட்டிடத்தில், மூன்றாவது மாடியில், ஏசி ஓடுகிற ஓட்டத்துக்குச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் திரையில் மூன்று தொட்டிகள். படத்தைப் பற்றிய பேச்சு ஒன்றில், டிஸ்க்கில் கோளாறு என்கிற புகார் இன்னொன்றில், மற்றதெல்லாம் குப்பையில். முதல் தொட்டியை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இரண்டாவதுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. படத்தின் ஒரே இடத்தைக் குறித்து நாற்பது புகார் சேர்ந்துவிட்டால் அது உரிய பிரிவுக்குத் தானாகப் போய்விடும். அவர்கள் அந்த இடத்தைத் திருத்தி அடுத்த பதிப்பை வெளியிடுவார்கள்.

இந்த வேலை எனக்குத் தகுதியால் கிடைத்ததல்ல. என் தம்பி செத்ததால் கிடைத்தது. அவன் இதே ஸ்டூடியோவுக்கு மூச்சு விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அப்படி ஒரு தொழில் உண்டு. நடிகர் ஓடுகிறார், விழுகிறார், முகமூடிக்குள் திணறுகிறார். படப்பிடிப்பில் அந்த மூச்சு சரியாகப் பதிவாகாது. பிறகு வேறொருவர் படத்தைப் பார்த்தபடி அத்தனையையும் மறுபடி விட்டுத் தர வேண்டும். சிறு வயதிலிருந்தே தம்பிக்கு இழுப்பு உண்டு என்பதால் எந்தப் பயத்துக்கு எந்த மூச்சு என்பது அவனுக்கு அத்துப்படி. எல்லாரும் மூச்சு விட்டுப் பிழைக்கிறார்கள், நான் மூச்சை விற்றுப் பிழைக்கிறேன் என்பான்.

வீட்டில் அவன் அறைதான் பதிவு அறை. பழைய மெத்தைகளைச் சுவரோடு சுவராக நிறுத்தி, கதவுக்குப் பின்னால் போர்வை தொங்கவிட்டிருப்பான். பதிவு தொடங்கும்போது கதவுப் பிடியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டுவான். துண்டு இருக்கிறவரை வீட்டில் மின்விசிறி ஓடாது, குழாய் திறக்காது, உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் யாரும் கதவைத் தொடக்கூடாது. நிஜமாகவே இழுப்பு வந்தாலும் அவன் முதலில் பதிவுக் கருவியைத்தான் முடுக்குவான், அப்புறம்தான் இன்ஹேலரைத் தேடுவான். அப்படி வந்த ஒரு இழுப்பு, வேறொரு படத்தில் தண்ணீரில் மூழ்குகிற ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்து தம்பிக்குப் பெரிய பேர் வாங்கித் தந்தது. இன்னொரு தடவை அம்மா பதறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள். நல்ல பதிவு பாழாகிவிட்டதென்று இரண்டு நாள் அவளோடு அவன் பேசவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் காதிருந்தும் கேட்காதவர்களாக இருக்கப் பழகிக்கொண்டோம்.

போன வருடம் ஒரு மதியம், காமிக்ஸ் புத்தகத்திலிருந்து எடுத்த முகமூடி வீரன் படத்துக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது அவன் இறந்தான். அம்மா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்தாள். நான் வீட்டில் இருந்தேன். ஆனால் அம்மாவிடமும் டாக்டரிடமும் துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் நான் சொன்னது வேறு. மருந்துக் கடைக்குப் போயிருந்தேன், திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது என்றேன். ஒரு வருடமாக அம்மாவும் நானும் அந்தப் பொய்யின் மேல்தான் சாப்பிட்டு, தூங்கி, எழுந்துகொண்டிருந்தோம்.

படம் தியேட்டருக்கு வந்தபோது நாங்கள் போகவில்லை. சில மாதம் கழித்து டிஸ்க் வந்தது. முதல் வாரம் வழக்கமான கூத்துதான். தன் மாமியாருக்குப் பிடித்துப் போனதால் படத்தில் ஏதோ தப்பிருக்கிறது என்று ஒரு மருமகள் எழுதினாள். இரண்டாம் வாரத்தில் ஒருவர் தொண்ணூற்றோராவது நிமிடத்தைப் பற்றி எழுதினார். பாதாள அறையில், இரும்புக் கதவுக்குப் பின்னால் வீரன் அடைபட்டுக் கிடக்கிற காட்சி அது. தியேட்டரில் அந்த இடத்தை இசை மூடிவிட்டது, டிஸ்க்கில் இசையைக் குறைத்திருப்பதால் மூச்சு துல்லியமாகக் கேட்கிறது, இந்த நடிகருக்கு இப்படியெல்லாம் நடிக்க வருமென்று நினைக்கவே இல்லை, சாகிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது என்று புகழ்ந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

அதை முதல் தொட்டியில் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. தம்பியின் மூச்சைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எந்த நாளின் மூச்சு என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் ஒரு பெண் அதே இடத்தைப் பற்றிப் புகார் எழுதியிருந்தார். வீரன் திணறிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் காலடிச் சத்தம் வருகிறது. வெறுங்கால். கதவுவரை வந்து நிற்கிறது. பிறகு மெல்லத் திரும்பிப் போய்விடுகிறது. படத்தில் யாரையும் காட்டவில்லையே, அது யார் என்று கேட்டிருந்தார்.

அன்று மதியம் நான் அந்தக் கதவுவரை போனேன். உள்ளே அவன் திணறுவது கேட்டது. வழக்கத்தைவிட நீளமாகப் போகிறதே என்று தோன்றிக் கையைக்கூடத் தூக்கினேன். துண்டு கட்டியிருந்தது. கெடுத்துத் தொலைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று நினைத்து, நுனிக்காலில் திரும்பி வந்து சமையலறையில் உட்கார்ந்துகொண்டேன். இன்று பிரமாதமாகச் செய்கிறான் என்றும் நினைத்தேன். சத்தம் நின்ற பிறகும் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இன்ஹேலர் என் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது.

மனசு கேட்காமல் கீழே ஒலிப்பிரிவுக்குப் போனேன். அங்கே தலைவராக இருப்பவருக்கு ஸ்டூடியோவில் 'காது' என்று பட்டப்பெயர். அடுத்த அறையில் ஊசி விழுந்தால் எந்தக் கம்பெனி ஊசி என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அந்தப் பதிவு எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பியின் கருவி, அறையில் சத்தம் அடங்கிச் சிறிது நேரமானால் தானே நின்றுவிடும், நின்றதும் பதிவைத் தானே அனுப்பிவிடும் என்று விளக்கினார். அன்று மதியமும் அனுப்பியது. அவர் அதைக் கேட்டு, தம்பி இதுவரை செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்று சுற்றி இருந்தவர்களிடம் காட்டியிருக்கிறார். எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். சாவுச் செய்தி மாலையில்தான் வந்தது. அதற்கப்புறம் அதைத் திரும்பக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை, அப்படியே படத்தில் சேர்த்துவிட்டார்.

"காலடிச் சத்தத்த மட்டும் எடுத்துட முடியுமா சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கும்மா. அத எடுத்தா அவன் மூச்சும் போயிடும். அந்த நடிகரோட மூச்சத்தான் வெக்கணும்."

அது யாருடைய கால் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

புகார்கள் கூடிக்கொண்டே போயின. வேலையத்தவர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். வில்லன் அனுப்பிய ஆள், செத்துவிட்டானா என்று பார்த்துவிட்டுப் போகிறான் என்றார் ஒருவர். ஆவி என்றார் இன்னொருவர். இரண்டாம் பாகத்தில் தெரியவரும், அதுவரை பொறுங்கள் என்று ஒரு மேதாவி எல்லோருக்கும் புத்தி சொன்னார். இவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே தொட்டியில் போட்டுவிட முடிந்தது. ஒரே ஒருவர் எழுதியதைத்தான் போட முடியவில்லை. காலடி கதவருகே வந்ததும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, அவன் காது கொடுத்துக் கேட்கிறான், காலடி திரும்பிப் போனதும் மறுபடி தொடங்குகிறது, ஆனால் முன்பைப்போல இல்லை என்று அவர் எழுதியிருந்தார். அன்று முழுக்க நான் வேறெதையும் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அந்த அறையைக் கடந்துதான் கழிவறைக்குப் போக வேண்டும். நான் நடக்கிற சத்தம் எனக்கே கேட்டது. உள்ளே யாரோ மூச்சை நிறுத்திக் கவனிப்பதுபோல இருந்தது. பயந்தேன். என் தம்பியைப் பார்த்து நானே பயந்தேன்.

இதற்கிடையில் அம்மா டிஸ்க்கைக் கொண்டுவரச் சொல்லித் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஓடுகிற பட்டியலில் மகன் பெயர் வருகிறது என்று டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏதோ கோளாறு இருக்கிறது, திருத்திய டிஸ்க் வரட்டும் என்று நான் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது முழுப் பொய்யுமில்லை. புகார் முப்பத்தொன்பது சேர்ந்திருந்தது. இன்னும் ஒன்று வந்துவிட்டால் காலடி போய்விடும், அம்மா கேட்க மாட்டாள், நான் பிழைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை அது வந்தது. இரண்டே வரி. தொண்ணூற்றோராவது நிமிடத்தில் தேவையில்லாத காலடிச் சத்தம், கவனிக்கவும். நான் சுட்டியை இரண்டாவது தொட்டியின் மேல் கொண்டுபோய் வைத்தேன். விரல் அழுந்த மறுத்தது. இதைப் போட்டால் அவன் கடைசியாக விட்ட மூச்சு இனி வருகிற எந்தப் பதிப்பிலும் இருக்காது. ஒரு தடவை அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தாயிற்று. இன்னொரு தடவை முடியாது என்று தோன்றியது. புகாரைக் குப்பையில் போட்டேன். வேலை போகிற காரியம்தான். போகட்டும் என்றிருந்தது. சாயங்காலம் ஆபீஸ் அலமாரியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் பார்த்தோம். அம்மா குளித்து, தலை வாரி, ஏதோ விசேஷத்துக்குப் போகிறவளைப்போல நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முகமூடிக்காரன் கட்டிடத்திலிருந்து கட்டிடத்துக்குத் தாவியபோதெல்லாம் விழுந்துடப் போறான் என்று முணுமுணுத்தாள். அந்த நிமிடம் வந்தது. தம்பியின் மூச்சு எங்கள் வீட்டுக்குள் மறுபடி கேட்டது. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அம்மா என் தொடையைத் தட்டினாள். இது நம் பிள்ளையுடையது, எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறான் பார் என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. காலடி வந்தது, நின்றது, போனது. நாலு நிமிடம் கழித்து முகமூடிக்காரன் எழுந்தான். இரும்புக் கதவைப் பிய்த்து எறிந்துவிட்டு வெளியே வந்தான். அம்மா அப்பாடா என்று சாய்ந்துகொண்டாள்.

பிறகு, வந்துவிட்டுத் திரும்பிப் போனது யார் என்று கேட்டாள். பார்க்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றேன். வில்லனின் ஆள் என்கிறார்கள், ஆவி என்கிறார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வருடம் மென்று விழுங்கியது தொண்டைக்கு வந்துவிட்டது.

"அவனோட அக்காவா இருக்கும்மா."

அம்மா சிரித்தாள்.

"போடி. அக்காவா இருந்தா கதவத் தொறந்திருப்பா."

யோசித்துச் சொல்லவில்லை. அவளுக்கு அக்கா என்றால் தெரிந்தது நான் ஒருத்திதான். அந்த நம்பிக்கையில் சொன்னாள்.

"அன்னிக்கு நான் மருந்துக் கடைக்குப் போகலம்மா."

திரையில் முகமூடிக்காரன் பறந்துகொண்டிருந்தான். கீழே ஜனங்கள் கைதட்டினார்கள். அம்மா என் பக்கத்திலிருந்த ரிமோட்டை எடுத்தாள். அணைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பின்னால் ஓட்டினாள். மூச்சு மறுபடி வந்தது. காலடி வந்தது, நின்றது, போனது. இன்னொரு முறை ஓட்டினாள். மூன்றாவது முறை அவள் திரையைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.