விடுமுறை வீட்டுக்கு ஒரு தகுதிச் சான்று

லிஃப்ட் ஆய்வாளர் ஓய்வுபெற்று ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அந்தச் செய்தி அவருக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. காலையில் சட்டைப் பையில் டார்ச்சும் அளவுநாடாவும் இல்லாமல் சமையலறைக்குள்கூட நுழையமாட்டார். குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்து "ம்ம்" என்பார். அந்த ஒரு "ம்ம்"முக்குப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் முதலாளிகளெல்லாம் கைகட்டி நின்ற காலம் உண்டு. இப்போது குக்கர்கூட அசைவதில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூட நூலகர். சத்தம் போடாமல் காரியத்தை முடிப்பது தொழிலோடு வந்த பழக்கம். ஒன்பது வருடமாக அவருக்கு ஒரே ஓர் ஆசை: அக்காவோடும் தங்கையோடும் ஒரே கூரையின் கீழ் நாலு நாள் இருக்க வேண்டும். அக்கா தலைமை நர்ஸ். தங்கை பல் டாக்டர். மூவரும் மூன்று ஊர். ஒருத்திக்கு லீவு கிடைத்தால் இன்னொருத்திக்குக் கிடைக்காது. இருவருக்கும் கிடைத்தால் மூன்றாமவளின் பிள்ளைக்குப் பரீட்சை வந்து நிற்கும். கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொண்டதோடு சரி. ஒன்றில் பேச நேரமில்லை, மற்றதில் பேசக்கூடாது.

எப்படியோ இந்த முறை மூவருக்கும் வியாழன் முதல் ஞாயிறு வரை ஒன்றாக அமைந்துவிட்டது.

"கடல் பக்கமா நாலு நாளைக்கு ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக்கறோம். மூணு ரூம் இருந்தா போதும். நான் பாத்துடறேன்" என்றார் நூலகர்.

ஆய்வாளர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். "நீ பாக்கப் போறியா? படத்தைப் பாத்து மயங்கறவங்களுக்காகவேதான் அந்தப் படத்தை எடுக்கறாங்க. இதை என்கிட்ட விடு."

"நாங்க மூணு பேர்தானே போறோம்..."

"தெரியாத ஊரு, தெரியாத வீடு. நானும் வர்றேன்."

இப்படியாக, யாரும் கூப்பிடாமலே நாலாவது ஆளும் சேர்ந்துகொண்டார்.

ஆய்வு மூன்று வாரம் நடந்தது. சாப்பாட்டு மேசை அலுவலகமானது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு. படங்களை ஊதிப் பெரிதாக்கிக் குளியலறையின் தரைக்கல்லை எண்ணி, "இதுக்குள்ள போறவங்க திரும்பணும்னா வெளிய வந்துதான் திரும்பணும்" என்றார். இன்னொரு படத்தில் ஜன்னல் நிழலைப் பார்த்துவிட்டு, "சூரிய உதயம் தெரியும்னு எழுதியிருக்கான். இந்த ஜன்னல்ல தெரியணும்னா சூரியன் மேற்கே உதிக்கணும்" என்றார். இன்னொன்றில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் வாளி அளவு இருந்தது. "கேமரா செய்யற வேலை. கெட்டிலே இவ்வளவு பெருசுன்னா ரூம் எவ்வளவு சின்னதுன்னு கணக்குப் போட்டுக்க."

தங்கிப் போனவர்கள் எழுதிய பாராட்டுகளில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு குறையாவது குறிப்பிடாமல் அவர் எந்த லிஃப்டுக்கும் சான்று கொடுத்ததில்லை. குறையே இல்லாத சான்று அவரைப் பொறுத்தவரை பொய்ச் சான்று. ஆகவே ஐந்து நட்சத்திரம் வாங்கிய வீடுகளை முதல் நாளே கழித்துவிட்டார்.

மிஞ்சியவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஒரு கேள்வித்தாள் போனது. அதில் சில:

"கடல் தெரியும் என்கிறீர்கள். உட்கார்ந்தபடியா, நின்றபடியா, எட்டிப் பார்த்தபடியா?"

"அமைதியான சூழல்: எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?"

"கடற்கரை நடந்து போகும் தூரம்: யார் நடந்தால்?"

"கட்டில் கால்கள் நான்கும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகின்றனவா?"

இப்படி ஐம்பத்தாறு. ஒருவர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார். அது எந்தக் கேள்விக்கான பதில் என்று கேட்டு ஆய்வாளர் மறுபடி எழுதினார். இன்னொருவர், "சார், வீட்டை வாடகைக்கு எடுக்கறீங்களா, விலைக்கு வாங்கறீங்களா?" என்று கேட்டார். மூன்றாமவர் தன் வீட்டையே வாடகை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார். "பாத்தியா! உள்ள ஏதோ இருக்கு" என்றார் ஆய்வாளர் வெற்றியோடு.

நூலகருக்குப் பிடித்த நீல ஜன்னல் வீடு செவ்வாய்க்கிழமை யாருக்கோ போனது. மொட்டைமாடியில் ஊஞ்சல் இருந்த வீடு வெள்ளிக்கிழமை போனது. நூலகர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. மூன்று அறைகள், பின்கட்டில் மரத்தடியில் ஒரு நீள மேசை, அங்கிருந்து கடலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. தங்கியவர்கள், மாடிப்படி செங்குத்து, வெந்நீர் மெதுவாக வரும், வீட்டுக்காரம்மா கண்டிப்பானவர் என்று எழுதியிருந்தார்கள். ஆய்வாளர் முகம் மலர்ந்தது. "இது நம்பக்கூடிய வீடு. குறையை மறைக்கல."

நூலகர் அந்த நீள மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கப் பேசலாம். "இதையே கேட்டுடுங்க. சின்னவ நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள லீவை உறுதி பண்ணணும். இல்லைன்னா அவளோட கிளினிக்ல இன்னொருத்தர் லீவுல போயிடுவார். இது போச்சுன்னா இன்னும் ஒன்பது வருஷம்."

விண்ணப்பம் போனது, ஐம்பத்தாறு கேள்விகள் சகிதம்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. ஆய்வாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "மன்னிக்கவும். எங்கள் வீட்டை உங்களுக்குத் தருவதற்கில்லை. உங்களைப் பற்றி மற்ற வீட்டுக்காரர்கள் எழுதியிருப்பதைப் படித்தேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களைப் பத்தியா? யார் என்ன எழுதினாங்க?" என்றார் நூலகர்.

அந்த இணையதளத்தில் தங்குகிறவர் வீட்டுக்கு மதிப்பெண் போடுவதுபோல, வீட்டுக்காரரும் தங்கியவருக்கு மதிப்பெண் போடலாம். இது ஆய்வாளருக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடத்தில் எந்த லிஃப்டும் திருப்பி அவரை ஆய்வு செய்ததில்லை. வேலை நிமித்தம் வெளியூர் போனபோது மூன்று முறை இப்படி வீடுகளில் தங்கியிருந்தார். மூன்று பேரும் எழுதியிருந்தார்கள்.

நூலகர் போனை வாங்கிப் படித்தார்.

"சுத்தமானவர். கிளம்பும்போது எங்கள் கட்டிலைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார். அடியில் ஒரு திருகாணி தளர்ந்திருப்பதை நாங்கள் பார்க்க வேண்டுமாம்."

"புகை எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று பார்க்கச் செய்தித்தாளைக் கொளுத்தினார். மணி வேலை செய்தது. மூன்று மாடிக்காரர்களும் தெருவுக்கு ஓடிவந்தோம். அவர் வாசலில் நின்று எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டிருந்தார்."

"நல்ல மனிதர். மறுபடியும் வர வேண்டாம்."

"மூணு பேரும் நல்லபடியாத்தானே எழுதியிருக்காங்க?" என்றார் ஆய்வாளர்.

நூலகர் அவரை ஒரு பார்வை பார்த்தார். புத்தகத்தில் பக்கம் கிழித்த பிள்ளையைப் பார்க்கும் பார்வை. பிறகு அக்காவையும் தங்கையையும் போனில் கூப்பிட்டார். நாலு மணிக்கு வீட்டுக்காரம்மாவையும் அதே அழைப்பில் சேர்த்தார்.

"நான் இருபத்தாறு வருஷம் காலேஜ் ஹாஸ்டல்ல வார்டனா இருந்தவ" என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரம்மா. "யாரை உள்ள விடலாம், யாரை விடக்கூடாதுன்னு வாசல்லயே தெரிஞ்சிடும். உங்க வீட்டுக்காரர் கேள்வியெல்லாம் பாத்தேன். நல்ல கேள்விங்கதான். 'நடந்து போகும் தூரம், யார் நடந்தால்'னு கேட்டிருக்கார். அதுல நான் ஒரு நாள் யோசிச்சேன்."

"பதில் என்னன்னு முடிவு பண்ணீங்க?" என்றார் ஆய்வாளர் ஆவலாக.

"ஏங்க!" என்றார் நூலகர்.

"சரி, மூணு பேரும் இவ்வளவு தூரம் கேக்கறீங்க. ஒரே ஒரு நிபந்தனை" என்றார் வீட்டுக்காரம்மா. "நாலு நாளும் அவர் எதையும் கழட்டக்கூடாது, தூக்கிப் பாக்கக்கூடாது, அளக்கக்கூடாது. சரின்னு அவர் வாயால சொல்லட்டும். இப்பவே உறுதி பண்றேன்."

"சொல்லுங்க மாமா!" என்றாள் பல் டாக்டர். "மணி நாலே கால்!"

ஆய்வாளர் அந்த வீட்டை மனதுக்குள் நடந்து பார்த்தார். செங்குத்தான மாடிப்படி. கைப்பிடி. அது ஆடுமா ஆடாதா? ஆடினால் எத்தனை அங்குலம்? சட்டைப் பைக்குள் தன் கை தானாகப் போவதை அவரே பார்த்தார். சோதித்துப் பார்க்காத எதற்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. தன்னை அவர் நன்றாகவே சோதித்திருந்தார்.

"அந்த உறுதி என்னால குடுக்க முடியாதும்மா" என்றார்.

"மாப்பிள்ளை! ஒரு வார்த்தைதானே!" என்று கத்தினார் தலைமை நர்ஸ்.

"வாயைத் திறந்து சொல்லிடுங்க மாமா. நான் ஒரு நாளைக்கு இருபது பேர்கிட்ட 'வலிக்காது'ன்னு சொல்றேன். நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

நூலகர் மேசைமேல் இருந்த கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார், நூலகம் மூடும் நேரத்தில் அடுக்குவதுபோல. ஆய்வாளருக்கு அது தாங்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் போனில். "நான் வரல. இவங்க மூணு பேருக்கும் குடுங்க. இவங்களுக்கு நான் உத்தரவாதம்."

"வாய் வார்த்தையெல்லாம் நான் எடுத்துக்கறதில்ல. எழுத்துல அனுப்புங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

அந்த நாளில் ஆய்வாளருக்குப் புரிகிற மொழியில் ஒருவர் பேசியது அப்போதுதான். வெள்ளைத்தாளை எடுத்தார், விளிம்பு விட்டு மடித்தார், பத்து நிமிடத்தில் எழுதி முடித்தார். படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். தலைமை நர்ஸ் போனிலேயே படித்தார்:

"தகுதிச் சான்று. கீழ்க்கண்ட மூவரையும் முப்பது ஆண்டுகளாக நேரில் அறிவேன்.

மூத்தவர்: உறுதியானவர். விடியுமுன் எழுந்து மற்றவர்களையும் எழுப்பிவிடுவார். நிறுத்தும் பொத்தான் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இளையவர்: வெந்நீர் முழுவதையும் தீர்த்துவிடுவார். மற்றவர்கள் முந்திக்கொள்ளவும்.

இரண்டாமவர்: என் மனைவி. ஆகவே நான் நடுநிலையான ஆய்வாளர் இல்லை. இவரிடம் குறை ஏதும் பதிவாகவில்லை. குறையில்லாத சான்றை நான் ஏற்பதில்லை என்பதால், என் ஆய்வு போதவில்லை என்று கொள்ளவும்.

மூவரும் ஒரே இடத்தில் இருக்கும்போது பலத்த சத்தம் வரும். அது சிரிப்பு, பழுது அல்ல. கட்டடத்துக்கு ஆபத்து இல்லை."

கீழே நாள், நேரம், கையெழுத்து.

"வெந்நீர் விஷயம் அபாண்டம் மாமா" என்றாள் பல் டாக்டர்.

"அபாண்டமா? வாயைத் திறக்காதே" என்றார் தலைமை நர்ஸ்.

நூலகர் தன்னைப் பற்றிய பத்தியை மட்டும் இன்னொரு முறை தனக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நாலே முக்காலுக்குப் பதில் வந்தது. "மூன்று பேருக்கு உறுதி செய்யப்பட்டது. ஆறு மணிக்கு முன் மாடியிலிருந்து யாரும் இறங்கக்கூடாது என்று மூத்தவரிடம் சொல்லவும்."

பல் டாக்டர் ஒரு நிமிடத்தில் லீவை உறுதி செய்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரே கூச்சல். கடல் பக்கத்து அறை யாருக்கு, யார் என்ன கொண்டு வருவது, யார் எந்த ரயிலில் வருவது. ஆய்வாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "நீங்களும் வாங்க, அந்தம்மாகிட்ட நாங்க பேசிக்கறோம்" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு "பரவாயில்ல, நீங்க போயிட்டு வாங்க" என்று பெருந்தன்மையோடு சொல்ல வேண்டும். குரல்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். லேசாகத் தழுதழுப்பது நன்றாக இருக்குமா, வேண்டாமா என்பதுதான் முடிவாகவில்லை.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று.

"மாப்பிள்ளை இன்னும் லைன்ல இருக்காரா?" என்றது தலைமை நர்ஸின் குரல்.

"இருக்கேன், இருக்கேன்."

"நல்லது" என்றார் அவர். பேச்சு மறுபடி அறைகளுக்குப் போனது.

"ஏங்க" என்றார் நூலகர்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாலு நாளும் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்குவேன். நீங்க—"

"சரி" என்றார் நூலகர். கொஞ்சம் வேகமாகவே சொன்னார். "உங்க பெரிய பெட்டியை நான் எடுத்துக்கட்டுமா? சக்கரம் வச்சது?"

"எடுத்துக்க. பின் சக்கரம் ஒண்ணு லேசா இடது பக்கம் இழுக்கும். திருப்பும்போது..."

நூலகர் அதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டிருந்தார்.