ஆமென் எழுதப்படாத பாட்டு

ஐஸன்ரோட் அரண்மனையின் இசைத்தலைவர் யோப்ஸ்ட் ஹார்ட்விக் எழுதிய இரங்கற்பாட்டு, வாசிக்க ஆளில்லாமல் காகிதத்திலிருந்து தானாகவே ஒலிக்கத் தொடங்கியது ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வாக்கில். முந்தின வாரம் கோமகனின் தாயார் காலமாகியிருந்தார். வழக்கப்படி நாடெங்கும் ஓராண்டுத் துக்கம். தேவாலயத்து ஆர்கனைப் பூட்டினார்கள், வயலின்களும் எக்காளங்களும் அரண்மனைக் கிடங்குக்குப் போயின, தாய்மார்கள் தாலாட்டுக்குக்கூட வாயைத் திறக்கக்கூடாது. பெரிய இடத்துச் சாவு, ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. ஆனால் அதே வாரத்தில் யோப்ஸ்டின் மனைவி சிபில்லாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பதினெட்டு வருஷம் அரசவையில் பாடியவள். எட்டே எட்டு வரி பாடி அவளை அடக்கம் செய்ய யோப்ஸ்ட் மனுப் போட்டார். கோமகன் மறுத்துவிட்டார். பாதிரியார் முணுமுணுத்தார், மண் விழுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த இசை. அரண்மனைச் சீருடையில், சமையல்காரருக்கும் குதிரைக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து இத்தனை காலம் கைகட்டிச் சாப்பிட்ட மனிதர், அன்றைக்கு அந்தச் சீருடையைக் கழற்றி அடுப்படியில் எறிந்துவிட்டு எழுத உட்கார்ந்தார்.

தடையுத்தரவை எழுதியவர் அரண்மனை எழுத்தர் க்னாப். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாற்பத்தொரு வாத்தியங்களைப் பட்டியலிட்டிருந்தார். சீப்பில் காகிதம் சுற்றி ஊதுவதும் மாட்டுக் கழுத்து மணியும்கூட அதில் உண்டு. காகிதத்தைச் சேர்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. மை காய்வதற்குள் முதலில் வயலின்கள் எழுந்தன, பிறகு ஓபோ குழல், பிறகு சிபில்லாவின் குரல். மேல் ஸ்தாயியில் வழக்கம்போல ஒரு மயிரிழை ஏறியே பாடினாள். சட்டப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு க்னாப் ஓடி வந்தார்.

"நான் வாசிக்கலையே க்னாப். எழுதினேன், அவ்வளவுதான்" என்றார் யோப்ஸ்ட். "எழுதக்கூடாதுன்னு உங்க பட்டியல்ல எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்."

க்னாப் காகிதத்தைப் பறித்து இரும்புப் பெட்டியில் போட்டார். பெட்டி பாடியது. காகிதம் தடைசெய்யப்பட்டது. யோப்ஸ்ட் சமையல் மேசையில் கோதுமை மாவைப் பரப்பி விரலால் எழுதினார், மாவு பாடியது. மாவும் பட்டியலில் ஏறியது, பிறகு பனி, சாம்பல், ஜன்னல் கண்ணாடியில் படியும் மூச்சு. எழுபதாவது இனத்தோடு க்னாப் ஓய்ந்துபோக, யோப்ஸ்டைக் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். அவர் கரண்டிக் காம்பால் சுவரில் இசைக்குறிப்புக்கான ஐந்து கோடு கீறி, பாட்டை அங்கே எழுதினார். அதற்குப் பிறகு பாட்டு கோபுர உயரத்திலிருந்து மூன்று கிராமங்களுக்குக் கேட்டது.

கடைசி ஆமென்னை மட்டும் அவர் எழுதவில்லை. முடியாத பாட்டு எப்படி நிற்கும்? முடிவின் வாசல் வரை போய், திரும்ப முதலிலிருந்து வந்தது. ஒரு மாதம் பொறுத்த கோமகன், தாமே படியேறி வந்தார்.

"ஆமென்னைப் போட்டு முடிச்சுத் தொலைய்யா."

"முடிக்கிறேன் பிரபு. பட்டப்பகல்ல, அவ கல்லறையில, உங்க ஆளுங்க பாடணும். நீங்க தொப்பியைக் கழட்டி நிக்கணும்."

"என்னைப் பெத்தவளுக்கே இசை இல்லை. உன் பெண்டாட்டிக்குக் கேட்கிறியா?"

"உங்கம்மாவுக்கு வேணாம்னு நீங்க சொன்னீங்க. இவளுக்கு வேணாம்னு நான் சொல்லலையே."

கோமகன் வந்த வேகத்தில் இறங்கிப் போனார். துக்க ஆண்டு முடிந்தது, வாத்தியங்கள் வெளியே வந்தன, ஆனால் சிபில்லாவின் சுருதியோடு சேராத எதுவும் ஐஸன்ரோடில் எடுபடவில்லை. புதிதாக வந்த இசைத்தலைவர் மூன்றே வாரத்தில் ஊரைவிட்டுப் போனார். தொப்பியைக் கழற்றச் சம்மதம் என்று கோமகன் சொல்லியனுப்பினார். ஒரு வருஷம் கழித்து வந்த சம்மதம். யோப்ஸ்ட் சுவரைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார்: "புதைக்கிற அன்னைக்குக் கேட்டேன், கிடைக்கலை. இனிமே யார் தயவும் வேண்டாம், அவளே பாடிக்குவா."

அடைத்து வைத்தும் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள். அவர் இன்னும் இருபது வருஷம் வாழ்ந்தார், கல்யாணங்களுக்கு நடன இசை எழுதிக் கொடுத்தார். சாகும் தறுவாயில் பாதிரியார் பேனாவை மையில் தோய்த்து நீட்டினார்; யோப்ஸ்ட் அதை வாங்கி, மையைப் போர்வையில் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் ஊர் பழகிவிட்டிருந்தது. ரொட்டிக்காரர்கள் மாவு புளிக்க இரண்டு சுற்றுப் பாட்டு என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

பிறகு கோமகனும் இறந்தார். கிழவராகிவிட்ட க்னாப் வழக்கமான துக்க உத்தரவை எழுதினார்: ஓராண்டுக்கு எந்த இசையும் கூடாது, சிபில்லா ஹார்ட்விக் பாடுவது நீங்கலாக. சந்தையில் அதைப் படித்தபோது யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை கோமகனைக் குழியில் இறக்கினார்கள். அவள் பாடிக்கொண்டிருந்தாள்.