அலுத்துப் போன கேப்டன்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வசனம் எழுதுகிறவருக்கு ‘தும்பி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தும்பி என்பது ஒரு விண்கலம். அதை வைத்து எடுத்த நான்கு வெளிநாட்டுப் படங்களும் தமிழில் குரல் மாற்றி வந்திருந்தன. முதல் படம் வந்தபோது அவருக்குப் பதிமூன்று வயது. எட்டுத் தடவை பார்த்தார். விண்மீன்களுக்கு நடுவே வழிதவறிய கலங்களைத் தேடிப்போய் மீட்டு வரும் தும்பியின் பெண் கேப்டன் பேசியதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்பாவுக்கு வேலை போய், வீட்டில் யாரும் யாரோடும் பேசாத வருஷம் அது. “விளக்கை அணைக்காதீங்க, யாரோ நம்மளத் தேடிட்டிருக்காங்க” என்று கேப்டனைப் போலவே முணுமுணுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்.

நான்காவது படம் வந்து பதினாறு வருஷம் கழித்து ஐந்தாவதை எடுத்தார்கள். தமிழ் வசனம் எழுதும் வேலை அவருக்கே வந்தது. கல்யாணத்தன்றுகூட இவர் இப்படிச் சிரிக்கவில்லை என்று மனைவி குத்திக் காட்டினாள்.

படத்தைப் போட்டுப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. வெடிக்குமேல் வெடி. பழைய ஆட்களில் பாதிப் பேரை முதல் அரைமணி நேரத்திலேயே தீர்த்துக் கட்டியிருந்தார்கள். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். கேப்டனோ மீட்பு வேலையை உதறிவிட்டு, ஏதோ ஒரு கிரகத்தில் தண்ணீர்ப் பம்பு பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் விட்டீர்கள் என்று தும்பியின் பழைய மாலுமி ஒருவர் கேட்கிறார். கையிலிருந்த ஸ்பானரைக்கூடக் கீழே வைக்காமல் அவள் ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறாள். அலுத்துவிட்டதாம்.

கேப்டனுக்காவது, அலுப்பாவது! இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த இடத்தில் தன் மனசுக்குப் பட்டதை எழுதினார்: ‘என் கடமைய முடிச்சுட்டேன். இனிமே விளக்கு உங்க கையில.’ அப்புறம்தான் நிம்மதியாக மூச்சு வந்தது.

முதல் படத்திலிருந்து கேப்டனுக்குக் குரல் கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. இவர் அவரோடு வேலை செய்வது இதுதான் முதல் தடவை. பதிவன்று காலை கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெந்நீர்க் குடுவையோடு வந்தார். மேடம் எல்லாம் வேண்டாம், அக்கா என்றே கூப்பிடலாம் என்றார். இருமினார், தண்ணீர் குடித்தார், முதல் வரியைப் பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இவருக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

அந்த இடம் வந்ததும் சிக்கல். திரையில் கேப்டன் வாயை மூடிய பிறகும் அக்கா பேசிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி இவரை உள்ளே கூப்பிட்டார்.

“தம்பி, இது அவ பேசுறதா, நீங்க பேசுறதா?”

இவர் மழுப்பவில்லை. கேப்டன் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை என்றார். சொல்ல வந்தது அவ்வளவுதான், ஆனால் எட்டுத் தடவை படம் பார்த்தது, அப்பா, பள்ளிக்கூடத்துக்குப் போன வழி எல்லாம் கூடவே வந்து விழுந்தது. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எனக்கும் இந்தப் படம் பெருசாப் பிடிக்கல. ஆனா அந்த ஒரு இடம் பிடிச்சிருக்கு. நாலு படத்துக்கும் இவளுக்காகக் கத்திக் கத்தி தொண்டையில ரெண்டு ஆபரேஷன் ஆச்சு. இவ ஒரு நாளாவது உக்கார மாட்டாளான்னு இருக்கும். இப்பத்தான் உக்காந்திருக்கா. அவள எழுப்பிவிட்டுடாதீங்க.”

அந்தக் குரலை வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தை ஓட்டியவர் இவர். அந்தக் குரலுக்கு ஒரு தொண்டை இருக்கும், அது வலிக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பென்சிலை எடுத்துத் தன் வரியை அடித்துவிட்டு ஒரே வார்த்தை எழுதினார்.

“அலுத்துருச்சு,” என்றார் அக்கா, மைக்கில்.

அதில் சோகமும் இல்லை, வீறாப்பும் இல்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் ஒருவர் சொல்வதுபோல் இருந்தது. உதட்டோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஒலிப்பதிவாளர் இன்னொரு தடவை கேட்கவில்லை.

நான்கு படங்களிலும் அக்காவின் பெயரைப் போட்டதே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இவர் நேரே மேலாளரிடம் போனார். படக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்று அவர் தட்டிக் கழித்தார். இவர் விடவில்லை. கம்பெனிக்கே எழுதினார், பதில் இல்லை, மறுபடி எழுதினார். மூன்றாவது கடிதத்துக்கு ஒரு வரி போடலாம் என்று பதில் வந்தது.

முதல் நாள் பகல் காட்சிக்கு மனைவியோடு போனார். பின்வரிசையில் இரண்டு பேர் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் ஒன்றைக்கூட இவரால் மறுக்க முடியவில்லை. பழைய ஆட்களைக் கொன்றதை இவரும் மன்னிக்கவில்லை. ஆனால் கேப்டன் அந்த வார்த்தையைச் சொன்னபோது அந்த இரண்டு பேரும்கூடச் சும்மா இருந்தார்கள்.

படம் முடிந்து கூட்டம் கலைந்தது. இவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். துடைப்பத்தோடு வந்த பெண் கதவருகே பொறுமையாக நின்றாள். நூற்றுக்கணக்கான பெயர்களுக்குப் பிறகு ‘கேப்டனின் தமிழ்க் குரல்’ என்று அக்காவின் பெயர் வந்தது. மூன்று விநாடிதான். வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

எழுத்துப்பிழை ஏதும் இல்லையே என்று அக்கா கேட்டார். இல்லை என்றார் இவர்.

“அப்ப நாளைக்கு வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன். கடைசி வரைக்கும் ஒருத்தரையும் எந்திரிக்க விடமாட்டேன்.”